காரின் மின் இருக்கை நகர மறுக்கிறதா? பட்டறைக்கு ஓடுமுன் இதைப் படியுங்கள்!



"மோட்டார் எரிந்துவிட்டது. இருக்கையையே மாற்றியாக வேண்டும். ஆயிரத்து எண்ணூறு வெள்ளி ஆகும்."

எங்கள் பெரியண்ணனிடம் ஒரு பட்டறையில் இப்படிச் சொன்னார்கள். பல வருடம் தோட்டத்து லோரி ஓட்டிய மனிதர் அவர். ஓய்வு பெற்றபின் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பழைய பெரிய கார் ஒன்றை வாங்கினார். ஆடம்பரத்திற்காக அல்ல. அண்ணிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் பட்டணத்திற்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வரவேண்டும். சின்னக் காரில் குனிந்து ஏறி இறங்க அவரால் முடியவில்லை.

இந்த நிலையில் அண்ணனுக்குக் கண்புரை அறுவை நடந்தது. சில வாரங்கள் கார் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஆகவே அண்ணன் மகள் ஓட்ட வேண்டியதாயிற்று. அண்ணன் ஆறடி உயரம். பெண்ணோ ஐந்தடிக்கும் குறைவு. அந்தக் காரில் ஓட்டுநர் இருக்கை மின்சாரத்தால் நகரக்கூடியது. பொத்தானை அழுத்தினால் முன்னும் பின்னும் போகும், மேலும் கீழும் போகும், சாயும். அப்படித்தான் போக வேண்டும். அவள் உட்கார்ந்த அன்றைக்கு அது முன்னுக்கு வர மறுத்துவிட்டது.

பட்டறைக்காரர் விலை சொன்னார். வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணைகளை வைத்துக்கொண்டு, நோயாளித் தாயைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டணத்திற்கு ஓட்டிப் போய்விட்டாள்.

இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது. திடீரென்று பிரேக் போட வேண்டியிருந்தால் கால் மிதியை முன்னுக்கு அழுத்தும். உடல் அதே வேகத்தில் பின்னுக்குத் தள்ளப்படும். பின்னால் இருப்பது உறுதியான முதுகுப்பலகையாக இருந்தால் கால் முழு பலத்துடன் மிதிக்கும். தலையணையாக இருந்தால் அது அமுங்கும். உடல் பின்னே போகும். கால் மிதியிலிருந்து விலகும். எந்தக் கணத்தில் பிரேக் அதிகம் தேவையோ, அந்தக் கணத்தில் அது கிடைக்காது. இருக்கை வாரும் உடலை ஒட்டிப் பிடிக்காது.

ஆகவே, மின் இருக்கை நகராமற் போவதைச் சின்னத் தொல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே காரை வெவ்வேறு உயரமுள்ளவர்கள் ஓட்டும் வீட்டில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இன்று பழைய உயர்தரக் கார்கள் மலிவாகக் கைமாறி நம்மவர்கள் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டன. அவற்றின் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரிந்தவரையில் சொல்லுகிறேன். நான் மெக்கானிக் அல்லன், பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளுக்கு டார்ச் விளக்கின் மின்சுற்றைக் கற்றுக் கொடுப்பவன். ஆனால் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க அந்தப் பாடமே போதுமானதாக இருந்தது.

இருக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது?

மின் இருக்கை புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1957-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கேடிலாக் எல்டொராடோ புரோகாம் என்ற காரில், ஓட்டுநருக்குப் பிடித்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் இருக்கை வந்துவிட்டது. காலப்போக்கில் நுணுக்கங்கள் கூடின. அடிப்படை மட்டும் மாறவில்லை.

பேட்டரியிலிருந்து மின்சாரம் புறப்படுகிறது. முதலில் பியூஸ் வழியாக வருகிறது. அங்கிருந்து இருக்கையின் பக்கவாட்டிலுள்ள சுவிட்சுக்கு வருகிறது. சுவிட்சிலிருந்து இரண்டு கம்பிகள் மோட்டாருக்குப் போகின்றன. மோட்டார் சுழன்று பல்சக்கரங்களையும், மரை போட்ட தண்டு ஒன்றையும் திருப்புகிறது. தண்டு திரும்பத் திரும்ப, இருக்கை தரையில் பதித்த தண்டவாளத்தின் மேல் நகர்கிறது. முன்பின் நகர்வதற்கு ஒரு மோட்டார், உயரத்திற்கு ஒன்றோ இரண்டோ, சாய்வதற்கு ஒன்று என்று தனித்தனி மோட்டார்கள் இருக்கும்.

ஒரே மோட்டார் எப்படி இரண்டு பக்கமும் சுழல்கிறது? பிள்ளைகளின் விளையாட்டுக் காரில் பேட்டரிக் கட்டையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்னே போன கார் பின்னே போகும். மின்னோட்டத்தின் திசை மாறினால் மோட்டார் சுழலும் திசையும் மாறுகிறது. மின் இருக்கையில் பேட்டரியைத் திருப்புவதற்குப் பதிலாகச் சுவிட்சு அந்த வேலையைச் செய்கிறது. முன்பக்கம் அழுத்தினால் ஒரு கம்பிக்கு மின்சாரத்தைத் தந்து, மற்றக் கம்பியை 'எர்த்' எனப்படும் காரின் உடலோடு சேர்க்கிறது. பின்பக்கம் அழுத்தினால் அவ்விரண்டையும் மாற்றிவிடுகிறது. கையை எடுத்தால் இரண்டு கம்பியும் எர்த்தில் இருக்கும், மோட்டார் நிற்கும்.

இந்த ஒரு செய்தியை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணன் வீட்டுப் பழுது இதிலேதான் பிடிபட்டது.

முதலில் ஒரு எச்சரிக்கை

காருக்கு அடியிலும் இருக்கைக்கு அடியிலும் கை விடுமுன் இதைப் படித்துவிடுங்கள். நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

இன்றைய கார்கள் பலவற்றில் இருக்கையின் பக்கவாட்டிலேயே காற்றுப்பை அடங்கியிருக்கும். இருக்கை வாரை இழுத்துப் பிடிக்கும் வெடிக் கருவியும் அருகில் இருக்கலாம். அவற்றுக்குப் போகும் கம்பியும் பிளக்கும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அந்த மஞ்சள் பிளக்கில் சோதனை விளக்கையோ மீட்டரையோ எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. மீட்டரிலிருந்து போகும் சிறு மின்சாரம்கூடக் காற்றுப்பையை வெடிக்கச் செய்துவிடலாம். இருக்கையைக் கழற்ற வேண்டி வந்தால், முதலில் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கார்க் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் வரையில் காத்திருக்க வேண்டும். கையேடு இல்லையென்றால் பத்து நிமிடமாவது பொறுங்கள்.

நான் என்ன செய்தேன்? முதல் நாள், மோட்டார் எரிந்துவிட்டது என்ற பேச்சை அப்படியே நம்பி, தரையில் படுத்துக்கொண்டு இருக்கைக்கு அடியிலிருந்த பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மஞ்சள் பிளக்கையும் பிடுங்கினேன். அது கழன்றிருக்கும்போதே சாவியைத் திருப்பிவிட்டேன். உடனே முன்பலகையில் காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. பிளக்கை மறுபடி மாட்டிய பிறகும் அது அணையவில்லை. காரின் கணினி அதைக் குற்றமாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டது. கருவி வைத்து அதை அழிக்க ஒரு கடையில் அறுபது வெள்ளி கொடுத்தேன். அந்த விளக்கு எரியும் வரையில் விபத்தில் காற்றுப்பை வேலை செய்யும் என்பதற்கு உறுதி இல்லை என்றும் அங்கே சொன்னார்கள். அறிவுக்கு முன்னால் கையை நீட்டியதற்கு நான் கட்டிய அபராதம் அது.

காதும் கண்ணும் போதும்

இனி முறையாகத் தொடங்குவோம். முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

சில கார்களில் சாவியைத் திருப்பினால்தான் இருக்கை நகரும். சிலவற்றில் சாவி இல்லாமலே நகரும். உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மாலை மங்கிய நேரத்தில், இஞ்சினை ஓட விடாமல், காரின் உள்விளக்கை எரிய விடுங்கள். இப்போது இருக்கைப் பொத்தானை அழுத்தியபடி விளக்கைக் கவனியுங்கள், காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒன்று: சத்தமும் இல்லை, விளக்கும் மங்கவில்லை. அப்படியானால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம். பியூஸ், கம்பி, பிளக், சுவிட்சு, மோட்டாரின் உட்புறம் ஆகிய இவற்றுள் எங்கோ பாதை அறுந்திருக்கிறது.

இரண்டு: விளக்குச் சற்று மங்குகிறது, அல்லது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது, ஆனால் இருக்கை அசையவில்லை. அப்படியானால் மின்சாரம் போகிறது. மோட்டார் முயல்கிறது, ஆனால் எதுவோ தடுக்கிறது. தண்டவாளத்தில் ஏதேனும் சிக்கியிருக்கும், அல்லது துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது மோட்டாரே இறுகிப்போயிருக்கும்.

மூன்று: மோட்டார் 'கிர்' என்று சுழலும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, இருக்கை மட்டும் நகரவில்லை. அப்படியானால் மின்சாரத்தில் குறை இல்லை. மோட்டாருக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள பல்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது சுழலும் கம்பித்தண்டு கழன்றிருக்கும். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து இருக்கை கோணலாகிவிட்டால், ஒரு பக்கத்துத் தண்டு மட்டும் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

சில புதிய கார்களில் உள்விளக்கு எல்.இ.டி. வகையாக இருப்பதால் மங்குவது கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். அப்போது காதையே நம்புங்கள்.

இரண்டாம் வகையாக இருந்தால், ஒரு டார்ச் விளக்கை எடுத்து இருக்கைக்கு அடியில் பாருங்கள். இருபது காசு நாணயம், பேனா மூடி, தலைமயிர்க் கிளிப்பு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், தண்ணீர்ப் புட்டி என்று பலவும் தண்டவாளத்தில் சிக்கிக் கிடப்பதுண்டு. பெரிய பழுது என்று பயந்த பலருக்கு விடை அங்கேதான் கிடைத்திருக்கிறது. சிக்கிய பொருளை எடுக்கும்போது பொத்தானில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரல் நசுங்கிவிடும். பொத்தானை விடாப்பிடியாக அழுத்திக்கொண்டே இருப்பதும் தவறு. இறுகி நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுத்துச் சூடாகும்.

எது வேலை செய்கிறது என்று கேளுங்கள்

நாம் எல்லோரும் எது கெட்டுவிட்டது என்று கேட்கிறோம். எது இன்னும் நன்றாக இருக்கிறது என்று கேட்பதே அதிகப் பயன் தரும்.

இருக்கையின் எல்லா அசைவுகளும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டனவா? அப்படியானால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் குறை. எல்லா மோட்டாரும் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் பியூஸைப் பாருங்கள். மின் இருக்கைக்குப் பெரும்பாலும் 30 ஆம்பியர் அளவில் பியூஸ் போட்டிருப்பார்கள். இன்றைய தகட்டு வகைப் பியூஸ்களில் நிறத்தைக் கொண்டே அளவை அறியலாம்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30 ஆம்பியர். எரிந்த பியூஸை அதே அளவுள்ள பியூஸால்தான் மாற்ற வேண்டும். பெரிய அளவைப் போட்டாலோ, சிகரெட் தாளைச் சுற்றி வைத்தாலோ, அடுத்து எரிவது கம்பியும் காருமாக இருக்கும். புதிய பியூஸும் உடனே எரிந்தால், எங்கோ கம்பி உரிந்து காரின் உடலைத் தொடுகிறது. இருக்கை முன்னும் பின்னும் போகும்போது அடியிலுள்ள கம்பிக்கட்டு இழுபட்டு உரிவது வழக்கமான ஒன்று.

சில கார்களில் பியூஸுக்குப் பதிலாக, சூடானால் தானே துண்டித்து ஆறினால் தானே சேரும் கருவி இருக்கும். சிறிது நேரம் நின்று பிறகு மறுபடி வேலை செய்யும் இருக்கையில் இதையும் எண்ணிப் பாருங்கள். பியூஸ் நன்றாயிருந்தால், எர்த் கம்பி காரின் உடலோடு சேரும் போல்ட்டைப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

ஓர் அசைவு மட்டும் நின்று, மற்றவை நன்றாக இருக்கின்றனவா? பியூஸும் பொது எர்த்தும் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன. அந்த அசைவுக்குரிய சுவிட்சு, கம்பி, மோட்டார் ஆகிய மூன்றுமே சந்தேகத்திற்கு உரியவை.

ஒரே அசைவில் ஒரு திசை மட்டும் நின்றுவிட்டதா? இதற்குரிய விடையைச் சிறிது நேரத்தில் சொல்லுகிறேன்.

சோதனை விளக்கும் லயத்துக் குழாயும்

அடுத்த படிக்குப் பன்னிரண்டு வோல்ட்டுச் சோதனை விளக்கு ஒன்று தேவை. இரும்புக் கடையில் சில வெள்ளிக்கே கிடைக்கும். அதன் கவ்வியைக் காரின் வர்ணம் பூசாத இரும்பில் மாட்டி, ஊசிமுனையைச் சோதிக்க வேண்டிய இடத்தில் வைத்தால், மின்சாரம் இருந்தால் விளக்கு எரியும். முதலில் பியூஸின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது.

பிறகு மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, சோதனை விளக்கை அந்த இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்து, வேறொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். நிறம் எதுவானாலும், அது மோட்டாரின் பிளக்தான் என்று கண்ணால் கம்பியைத் தொடர்ந்து உறுதி செய்த பிறகே கை வைக்கவும். விளக்கு நன்றாக எரிந்தால் மின்சாரம் வாசல்வரை வந்துவிட்டது. மோட்டார்தான் அதை ஏற்கவில்லை. விளக்கு எரியவில்லை என்றால் மோட்டார் மேல் பழி போடாதீர்கள். அதற்கு முன்னால் உள்ள பாதையில் குறை.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிற்கும் காரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டு அளவு காட்டும். மோட்டாரின் வாசலிலும் ஏறக்குறைய அவ்வளவு காட்டினால் கம்பி நல்லது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குழாயில் பாசியடைத்துக் கிடந்தாலும், வாயை விரலால் மூடினால் அழுத்தம் தெரியும். விரலை எடுத்து வாளியை வைத்தால்தான் நூல் போல ஒழுகுவது தெரியவரும். கம்பியும் அப்படித்தான். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பன்னிரண்டு வோல்ட்டு காட்டும். ஆனால் மோட்டாரைச் சுழற்ற அதனால் முடியாது. ஆகவே மீட்டரோடு, 21 வாட்டு சிக்னல் விளக்கு ஒன்றையும் இரு முனைக்கும் குறுக்கே வைத்துச் சோதியுங்கள். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவு இழுக்கும். அப்போதும் பளிச்சென்று எரிந்தால் பாதையின் மேல் நம்பிக்கை வைக்கலாம். மங்கி எரிந்தால் பாதையில் அடைப்பு இருக்கிறது.

அந்தப் பெண் சொன்னதை யாரும் கேட்கவில்லை

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

காற்றுப்பை விளக்குக்கு அபராதம் கட்டிவிட்டு, வெட்கத்தோடு அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் அவளிடம், "நீ முதல் நாள் உட்கார்ந்தபோது சரியாக என்ன நடந்தது? ஒன்றுவிடாமல் சொல்லம்மா" என்றேன்.

"அதைத்தான் அன்றைக்கே சொன்னேனே, சித்தப்பா! பட்டறையிலும் சொன்னேன். முன்னுக்கு அழுத்தினேன், வரவில்லை. தவறிப் பின்பக்கம் அழுத்திவிட்டேன். இன்னும் இரண்டு அங்குலம் பின்னால் போய்விட்டது. அதற்குப் பிறகு முன்னுக்கு வரவே இல்லை. உயரம், சாய்வு எல்லாம் நன்றாக இருக்கிறது."

எனக்குத் தலையில் குட்டியது போல இருந்தது. நான் மேலே சொன்ன டார்ச் விளக்குப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். உயரமும் சாய்வும் வேலை செய்கின்றன. ஆகவே பியூஸும் பொது எர்த்தும் நல்லவை. இருக்கை பின்னுக்குப் போயிருக்கிறது. ஆகவே மோட்டார் எரியவில்லை. எரிந்த மோட்டார் எந்தப் பக்கமும் சுழலாது. முன்னுக்குப் போவதும் பின்னுக்குப் போவதும் அதே இரண்டு கம்பிகளின் வழியாகத்தான். ஆகவே கம்பிகளும் நல்லவை. முன்னுக்கு அழுத்தியபோது சத்தமும் இல்லை, உள்விளக்கும் மங்கவில்லை. ஆகவே தண்டவாளத்தில் தடையும் அல்ல. எல்லோரும் குற்றமற்றவர் என்று போய்விட்டால் கூண்டில் எஞ்சி நிற்பது யார்? திசையை மாற்றித் தரும் சுவிட்சு ஒன்றுதான்.

ஒரு திருகாணியைக்கூடத் திருப்பாமல் பழுதின் இடம் தெரிந்துவிட்டது. ஒரு திசை மட்டும் நின்றுவிட்டால் முதலில் சுவிட்சைச் சந்தேகியுங்கள் என்பதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்த விடை. நிலையை நினைவில் வைக்கும் கணினி உள்ள இருக்கைகளில் மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கணினியும், மோட்டாரின் சுழற்சியை எண்ணும் உணர்கருவியும் இடையில் நிற்கின்றன. எங்கள் அண்ணன் காரில் அந்த வசதி இல்லாதது நல்லதாயிற்று.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்தேன். சுவிட்சு கதவுப் பக்கம் இருந்ததால் இருக்கையைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. குமிழ்களை மெல்ல இழுத்தெடுத்து, பக்க மூடியின் திருகாணிகளைக் கழற்றி, சுவிட்சை வெளியே எடுத்தேன். ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் திறந்தேன். உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடிவிடும் என்பதால்தான் துணி. உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின் போல ஏதோ காய்ந்து கிடந்தது. செம்புத் தொடுமுனைகளில் ஒன்று பச்சை பூத்து நின்றது. முகர்ந்து பார்த்தேன். இனிப்பு வாசம்!

அண்ணனைப் பார்த்தேன். கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது ஒரு ஆறு மாதம் இருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தே தாரிக்கைக் கதவோரம் வைத்தேன். சாய்ந்து கொட்டிவிட்டது. துடைத்தேனே!" என்றார். அண்ணி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்து நாளாகியிருந்தது.

தொடுமுனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் தேய்த்தேன். உப்புத்தாள் உபயோகிக்கக் கூடாது, மேற்பூச்சு உரிந்துவிடும். மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் தெளிப்பு மருந்து ஒரு குப்பி பதினெட்டு வெள்ளி. அதை அடித்துக் காயவைத்து, மறுபடி மாட்டி, பேட்டரியை இணைத்தேன். அண்ணன் மகள் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். இருக்கை ஒரு முனகலோடு முன்னுக்கு வந்தது. ஆயிரத்து எண்ணூறு வெள்ளி என்று சொன்ன பழுது பதினெட்டு வெள்ளியோடு முடிந்தது. என்னுடைய அபராதம் அறுபது தனிக் கணக்கு. பச்சை பூத்த முனை மறுபடியும் கெடக்கூடும் என்பதால், பழைய கார்களை வெட்டி உதிரிப் பாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையில் அதே மாதிரிச் சுவிட்சு ஒன்றைத் தேடி வாங்கி வைத்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

எப்போது நாம் கை வைக்கக் கூடாது?

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தண்டவாளம் உடைந்திருந்தால், இருக்கையைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டியிருந்தால், நினைவுக் கணினி உள்ள இருக்கையாக இருந்தால், நல்ல மெக்கானிக்கிடம் போவதே சரி. அந்த போல்ட்டுகள் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கப்பட வேண்டியவை; விபத்தில் ஆளைப் பிடித்து நிறுத்துவது அவைதான். இருக்கை முழுக்கப் பின்னால் போய் நின்றுவிட்டால், பின்பக்கத்து போல்ட்டுகள் பல கார்களில் மறைந்துவிடும். அப்போது அனுபவமுள்ள மெக்கானிக், மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பியூஸ் வைத்த தனிக் கம்பியால் நேராகப் பேட்டரி மின்சாரம் கொடுத்து இருக்கையை நகர்த்துவார். மோட்டார் உயிரோடு இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற கார் வேறு கதை. 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் வீடுகளோடு கார்களும் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. இருக்கையின் பிளக்குகளும் மோட்டார்களும் கம்பளத்தை ஒட்டியே இருப்பதால், தரைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் ஏறினாலும் அவை நனைந்துவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மேற்பூச்சை மட்டும் பார்க்காமல், டார்ச் விளக்கோடு குனிந்து இருக்கைக்கு அடியில் பாருங்கள். தண்டவாளத்தில் துருவும், கம்பிக்கட்டில் சேற்றுப் பொடியும் இருந்தால், அந்தக் கார் தன் வரலாற்றை அங்கே எழுதி வைத்திருக்கிறது. இருக்கையின் எல்லாப் பொத்தானையும் இரண்டு திசையிலும் அழுத்திப் பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.

இருக்கை சரியான பிறகும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குள்ளமானவர்கள் மிதியை எட்டுவதற்காகச் சக்கரத்தின் மேல் படுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. மார்பெலும்புக்கும் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவுக்கும் இடையில் 25 செண்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையினர் தரும் அறிவுரை. காற்றுப்பை விரிய அந்த இடம் தேவை. முன்னுக்கு நகர்த்திய பிறகு, முதுகுப் பகுதியைச் சற்றுச் சாய்த்தும் இருக்கையைச் சற்று உயர்த்தியும் இந்த இடைவெளியைப் பெறலாம்.

பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வாசலில் பத்துக் கார் நிற்கும்போது, பொத்தானை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, அவசரத்தில் வழக்கமான விடையைச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள்: "தம்பி, மோட்டார் வாசலுக்கு மின்சாரம் வருகிறதா? எல்லா அசைவும் போய்விட்டதா, ஒன்று மட்டுமா? இரண்டு திசையும் பார்த்தீர்களா?" இந்த மூன்றுக்கும் பொறுமையாக விடை சொல்லுகிறவரிடம் காரைத் தயங்காமல் விட்டுவிட்டு வரலாம்.

அதற்கும் முன்னால், வீட்டில் அந்தக் காரை ஓட்டுகிறவர் சொல்லுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். சின்னப் பெண்தானே, இவளுக்கு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று பட்டறையில் இருந்தவரும் நினைத்தார். படித்தவன் என்று சொல்லிக்கொள்ளும் நானும் நினைத்தேன். முதல் நாளே அவள் பழுதின் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். நாங்கள்தான் கேட்கவில்லை.

மறுநாள் டயாலிசிஸ் நாள். விடியற்காலையில் கார் புறப்பட்டது. முதுகு நேராகப் பலகையில் பதிந்திருக்க, கால் முழுதாக மிதியை எட்ட, அண்ணன் மகள் ஓட்டிப் போனாள். தலையணைகள் இரண்டும் இப்போது அண்ணியின் பக்கம், அவருடைய கைக்கு அடியில் இருந்தன.